ஏழாம் வாய்ப்பாடு

வாஞ்சூர் சோதனைச் சாவடியில்
ஏட்டு என்னை நிறுத்தி ஏழாம் வாய்ப்பாடு கேட்டார்.
சொன்னேன்.
புத்தகப் பைக்குள் அப்பாவின் இரண்டு குவார்ட்டர்
ஒவ்வொரு ஏழுக்கும் ணங்கென்று ஆமோதித்தன.
ஏழெட்டு ஐம்பத்தாறில் அவரே சிரித்துவிட்டார்.
படிக்கிற பிள்ளை, போ.

அப்போது எனக்கு ஒன்பது வயது.
நாகூர் வருவதற்குள் ஒரு மூடி குடித்துப் பார்த்தேன்.
‘தரப் பரிசோதனை’ என்று எழுதியிருக்கிறேன்.
பதிப்பாளர் அந்த வரியோரம்
பென்சிலால் ஒரு சிரிப்பு வரைந்து அனுப்பினார்.

தஞ்சாவூர் மறுவாழ்வு இல்லத்தில்
குடியால் இழந்ததை எழுதச் சொன்னார்கள்.
பம்ப்செட்டு, மூன்று மா நிலம், மனைவி, சைக்கிள்.
சைக்கிளுக்குத்தான் அழுதேன், அது திரும்பி வந்திருக்கும்.
வாசித்ததும் கூடமே குலுங்கியது.
அன்றைக்குத்தான் கைநடுக்கம் நின்றது,
அல்லது வேறொன்றுக்கு நடுங்க ஆரம்பித்தது.

அக்கா புனிதவதி
கீழ்வேளூர் ரயிலடி பெஞ்சில் கைப்பிரதியைப் படித்தாள்.
வாய்ப்பாட்டில் சிரித்தாள்.
சைக்கிளில் புரையேறச் சிரித்தாள்.
மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்:
“நீ சரக்கோட வர நேரமான அன்னிக்கெல்லாம்
வீட்டுல அவரு என்ன பண்ணாருன்னு எழுதலையேடா?”

“அதுல சிரிப்பு வரலக்கா.”

“எனக்கு வந்துச்சு.
விழ விழ எண்ணுவேன்.
ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு.
பெல்ட்டு மூவேழோட நின்னுரும், அவருக்கு மூச்சு வாங்கும்.
உனக்கு வாய்ப்பாடு யாருடா சொல்லிக்கொடுத்தா?”

காரைக்கால் வண்டி முக்கால் மணி நேரம் தாமதமாம்.
ஒலிபெருக்கி இரண்டு தரம் வருந்தியது.

“பென்சில் இருக்கா?” என்று
கையை நீட்டினாள்.