ஒன்பதே முக்கால்

மூன்றாவது குவார்ட்டருக்குக் கையைத் தூக்கினார்
புதுவயல் மில்லில் நெல் அவிக்கிற சேவுகன்.
"போதும்ணே" என்றேன்.
பாரில் சேர்ந்த ஏழு வருஷத்தில்
வாயில் வராத சொல்.
சுவரில் சுண்டல் விலை எழுதியிருக்கிறது,
இதை யாரும் எழுதவில்லை.

அவர் கோபப்படவில்லை.
காசில்லை என்று நினைத்துவிட்டேனாம்.
சட்டைப்பையைக் கவிழ்த்தார்:
உமி ஒட்டிய நூறுகள்,
சீட்டுக் கம்பெனி ரசீது, ஒரு ஐந்நூறு.
நீவி நீவி அடுக்கி
ஐந்நூறை மட்டும் என் பக்கம் தள்ளினார்.
"எண்ணிக்கடா."

"காசு இருக்குண்ணே. நீங்கதான் இல்லை."

கல்லாவிலிருந்து குத்தகைக்காரர் செருமினார்.
தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"கண்டனூர்ல குடுப்பான்."

டிவிஎஸ் மூன்றாம் உதையில் கிளம்பியது.
ரயில்வே கேட் வரை கேட்டது சத்தம்,
அப்புறம் கேட்கவில்லை.
தூரம்தான், வேறொன்றுமில்லை.

ஊற்றிக் கொடுக்கவில்லை என்ற மிதப்பில்
மேசையைத் துடைத்தேன்.
சற்று முன்னால், சுண்டல் சிந்தியபோதும்
இதே இடத்தைத் துடைத்தேன்.
அப்போது அவர் வண்டிச்சாவி
இங்கேதான் கிடந்தது.

நகர்த்தி வைத்துவிட்டுத்
துடைத்தேன்.