காதில் ஒரு விதை

வலி வலது மணிக்கட்டில்.
லண்டன்பேட்டை மாடியில்
ஷம்ஷாத் மேடம் பார்க்கக் கேட்டதோ நாக்கை.
நீட்டினேன்.
"ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?"
மூணு.
சீசன் முடிந்து மாங்கூழ் ஆலை பூட்டியாச்சு,
மூணு மணி மட்டும்
இன்னும் ஷிப்டுக்கு வருகிறது.

ஊசியை இடது காலில் குத்தினார்.
இடம் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் முழங்கால் வரை
எறும்புச் சாரை ஏறிப் போனது.
இருபது நிமிஷம் அசையக் கூடாது.
இப்படியொரு வேலையை
யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

கிளம்பும்போது காதுமடலில்
கடுகளவு விதையொன்றைப்
பிளாஸ்திரி வைத்து ஒட்டினார்.
"வலிச்சா அழுத்துங்க."

காவேரிப்பட்டணம் பஸ்ஸில் அழுத்திக்கொண்டே வந்தேன்,
நாளுக்கு ஆயிரம் கொட்டை பிதுக்கி எறிந்த கையால்.
கண்டக்டர் காதையே பார்த்தார்.
விதை, என்றேன்.
சில்லறை கேட்டார்.