ஆறு வாரத்துக்கு ஒருமுறை

மில்டூராவுக்கு வெளியே, பயிற்சித் திடலில்
இருபத்தோரு வருடம் நுரை அடித்தேன்.
"சோப்புத் தண்ணிதான்" என்றார் கேப்டன் லாக்லன்.
அதிலேயே வண்டி கழுவினோம், முகம் கழுவினோம்.
மிச்சம் திராட்சைத் தோட்டம் தாண்டி ஓடியது.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளி விழாவில் பிள்ளைகள் கேட்டார்களென்று
குழாயைத் திறந்துவிட்டேன்.
பனியே பார்க்காத ஊரில்
இடுப்பளவு பனி.
டெகன் அதைத் தாடியாக ஒட்டிக்கொண்டு சிரித்த படம்
இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில்.

இப்போது எனக்கு ஊசி.
பிளாஸ்மா எடுத்தால் ரத்தத்தில் அது குறையுமாம்.
பீர் நிறத்தில் இறங்குகிறது.
"இது யாருக்குப் போகும்?"
நர்ஸ் பையில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

லாக்லனுக்குச் சிறுநீரகத்தில் கட்டி.

மகளும் சோதித்துக்கொள்ள வேண்டும்.
அதைச் சொல்லத்தான் மூன்று முறை கூப்பிட்டேன்.
அங்கே மழையா என்று
கேட்டு வைத்துவிட்டேன்.