கண்ணுக்குக் கீழே ஒரு கோடு

தெற்கு அலிகேட்டர் ஆற்றில்
அலிகேட்டர் ஒன்றுகூடக் கிடையாது.
இருப்பதெல்லாம் உப்புநீர் முதலை.
கப்பலில் வந்த எவனோ
வேறு கண்டத்து மிருகமென்று நினைத்து
எழுதிவிட்டுப் போன பெயர்.
அதனாலோ என்னவோ, நாங்கள்
எதற்கும் பெயர் சொல்லுமுன்
இரண்டு தடவை பார்க்கிறோம்.

ஓதம் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம்.
விளக்கை ஒரு சாண் இறக்கினால்
வெளிச்சம் காணாமல் போகிற சேற்று நீர்.
வலையில் முதலாவது:
என் மணிக்கட்டுத் தடிமன்,
மிளகளவு கண்,
மேலே சாம்பல், கீழே வெள்ளை,
நடுவே பிசிறில்லாமல் ஒரு கோடு.
"கோடு எங்கே ஓடுது?" என்கிறாள் தெமெலினா.
கண்ணை உரசிக்கொண்டு.
"அப்போ ஈட்டிப்பல்."
துடுப்பைப் புரட்டினால்
அடியில் மை தொட்ட கறை.
ஈட்டிப்பல்தான்.

இரண்டாவதும் அதே சாம்பல்,
அதே வெள்ளை, அதே கோபம்.
கோடு மட்டும்
ஒரு கண்ணளவுக்கு மேல் கீழிறங்கி,
கண்ணீர் காய்கிற இடத்தில்.
"வடக்கு ஆற்றுச் சுறா. எழுது."
அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவே
ஒரு மிளகு.
அந்த மிளகுக்கு எத்தனை லட்சம் வருஷம்
என்று கேட்டேன்.
அவள் நீளம் சொன்னாள். எழுதினேன்.
இரண்டையும் விட்டோம், ஒரே இருட்டுக்குள்.

மூன்றாவது வலையில் வரவில்லை.
கென்ரிக் படகுத்துறைக்குக் கொண்டுவந்தான்,
பியர் டப்பாக்களுக்கு நடுவே
மூன்று நாள் ஐஸில்.
"காளைச் சுறான்னுதான் நெனச்சேன்."
தொப்பியைக் கழற்றினான், போட்டான்,
மறுபடி கழற்றினான்.
ஐஸ் கோட்டைத் தின்றிருந்தது.
மேலும் கீழும் ஒரே அழுக்கு நிறம்.
கறை தேடினால்
உடம்பெல்லாம் கறை.

செத்தபின் வேறு கணக்கு.
எலும்பே இல்லாத மீனின்
முதுகுக் கணுக்களை எண்ண வேண்டும்.
இருநூறைத் தாண்டினால் ஒருத்தி,
நூற்றைம்பது ஒட்டி நின்றால் மற்றவள்.
வெளியே ஒரு மிளகு,
உள்ளே அறுபது எழுபது கணு.

தெமெலினா கத்தியால் பிரித்து
குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்
கிரேக்கத்தில்.
எதை எண்ணினாலும் அவளுக்கு அம்மா மொழிதான்.
எனக்கு அதில் நாற்பதுவரை தெரியும்.
கென்ரிக்குக்கு ஒன்றுகூடத் தெரியாது.
தொப்பியைப் பிசைந்துகொண்டு
என்னிடம் கேட்டான்:
"எது செத்திருந்தா கொஞ்சம் பரவாயில்லை?"

நாற்பது எப்போதோ போய்விட்டது.
குண்டூசி
வால் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.