கேட் போட்டிருக்கிறது

நீடாமங்கலத்தில் கேட் போட்டாச்சு.
கண்டக்டர் இறங்கி டீக்கடைப் பக்கம் நடக்கிறார்.
டிரைவர் இன்ஜினை அணைத்ததும்
பஸ்ஸுக்குள் திடீரென்று காது கேட்கிறது.
விடிந்ததிலிருந்து
யாரும் என்னிடம் எதுவும் கேட்காத
முதல் நிமிடம் இது.

காலையில் யாழ்மொழிக்குச் சடை பின்னிக்கொண்டே
இரண்டாமாண்டுக்கான வேதிச் சமநிலையை
வாய்க்குள் ஓட்டிப் பார்த்தேன்.
"இறுக்காதம்மா" என்றாள்.
சமநிலை மாறிலியைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
குக்கர் மூன்றாவது விசில் அடித்ததா
நான்காவதா என்று
இப்போதும் தெரியவில்லை.

போன சனிக்கிழமை கல்லூரியில்
'பணி–வாழ்வுச் சமநிலை' ஒருநாள் பயிலரங்கு.
விடுமுறைதான்,
வராதவர்கள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும்.
திருச்சியிலிருந்து வந்தவர்
அரைமணி முன்னதாக எழச் சொன்னார்.
தனக்கே தனக்கென்று ஒரு பூந்தொட்டி வைத்து
தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.
மெஹருன்னிசா என் நோட்டில் எழுதினாள்:
"நாலு மணிக்குக் குழாயத் தொறந்தா
மாமியார் எந்திரிச்சுடுவாங்க.
அப்புறம் அவங்களுக்கு டீ."
சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தேன்.
சான்றிதழ் கொடுத்தார்கள்.
தரமதிப்பீட்டுக் குழு வரும்போது
அந்தக் கோப்புக்குள் நாங்கள் சமநிலையோடு இருப்போம்,
அட்சரேகை தீர்க்கரேகை பதிந்த புகைப்படத்துடன்.

பதினொரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர்.
மே மாதத்துக்கு மட்டும் கௌரவம் கிடையாது.
அந்த மாதம் முழுக்க வாழ்வு.
மளிகைக்கடைச் சிட்டையைப் பார்க்கும்போது
பணி ஞாபகம் வரும்.

ஆய்வகத் தராசுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு.
மூச்சு பட்டாலே நாலாவது தசமம் அலையும்.
சாத்து, காத்திரு, எண் நிற்கட்டும் என்று
பிள்ளைகளிடம் சொல்வேன்.
எனக்கு அப்படிச் சாத்துவதற்கு இருப்பது
சிவப்பும் வெள்ளையும் அடித்த
இந்த ரயில்வே கட்டை ஒன்றுதான்.

முன்பெல்லாம் இந்நேரத்தில் விடைத்தாள் திருத்துவேன்.
ஐம்பத்தெட்டுத் தாள் மடியில் இருக்கிறது, இருக்கட்டும்.
நெல் ஏற்றிய கூட்ஸ்.
இன்ஜினைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுகிறார்கள்.
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
பதினேழில் விட்டுவிட்டேன்.
சிந்திய நெல்லைக் கொத்தவந்த மைனா ஒன்று
கொத்தாமல் சும்மா நிற்கிறது.

போன் அடிக்கிறது. அவர்தான்.
"கேஸ் புக் பண்ணிட்டியா?"
"கேட்ல நிக்கறேன்."
அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.
பிரின்சிபாலுக்கும் அதே பதில்,
கணவருக்கும் அதே பதில்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
மாசியில் ஒருநாள் கேட் திறந்தே இருந்தது.
நான் இறங்கிவிட்டேன்.
ஸ்டேஷன் பெஞ்சில் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து
ஒரு வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றேன்,
உப்பும் மிளகாயும் தூவி.
முதல் பீரியடுக்குத் தாமதமாய்ப் போய்
"கேட் சார்" என்றேன்.
துறைத்தலைவர் தலையாட்டினார்.
செவ்வந்தி மட்டும், அடுத்த பஸ்ஸில் வந்தவள்,
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
பிறகு வருகைப் பதிவேட்டைப் பிரித்து
என் முன்னால் வைத்தாள்.

இன்று பஸ்ஸுக்குள்
மேம்பாலம் கேட்டு ஒரு மனு சுற்றி வருகிறது.
பேனாவோடு என்னிடம் நின்றது.
ஐப்பசி மழையில் எங்களுக்குப் பின்னால்
ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டே நின்றதும்
உள்ளே ஒரு பெண் கத்தியதும்
இந்த பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.
கையெழுத்துப் போட்டேன்.
பெயர், முகவரி, தொழில்.
தேதி போடும்போது
எப்படியும் எட்டு வருடமாகும் என்று
மனம் கணக்குப் போட்டதை
தடுக்க முடியவில்லை.

கடைசிப் பெட்டி நகர்கிறது.
கட்டை இன்னும் எழவில்லை.
அதற்குள் எல்லா வண்டிகளும்
ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன.