டின் ஃபேக்டரி நெரிசல்

ஹெப்பாளில் ஏறியபோது
டிபன் டப்பாவுக்குள் அட்டை சும்மா கிடந்தது.
உப்புத்தாள் சொரசொரப்பு. இருபதாயிரம் முட்டை,
எல்லாம் கறுத்து.
இட்டது அரிசி அந்துப்பூச்சி, உள்ளே இருப்பது குளவி,
காய்ப்புழுவை முட்டையிலேயே முடிக்கிற ஜாதி.

ஹொசகோட்டையில் நஞ்சேகௌடரின் தக்காளி பூத்துவிட்டது.
மூன்றாவது முறை போன்: "ஔஷதி எல்லி?"
ஔஷதி என்பார் அவர், மருந்து என்போம் நாங்கள்;
இரண்டு மொழியிலும் அது நஞ்சின் செல்லப்பெயர்.
நான் திருத்தவில்லை.

டின் ஃபேக்டரியில் நாற்பது நிமிடம்.
வெயில் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது.
மூடியைத் திறந்தால்
அட்டையின் ஓரம் நகர்கிறது.

மெய்யெழுத்துகளின் தலையிலிருந்து
புள்ளிகள் மட்டும் கிளம்பிப் போவதுபோல.
புள்ளி போனால் உயிர்மெய்,
ஒன்றாம் வகுப்பில் உருப்போட்டது
இன்றைக்குத்தான் புரிகிறது.

"கொசுவா?"
பக்கத்து சீட் அம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டார்.
கடிக்காதுங்க என்று மூடுவதற்குள்
ஜன்னலைத் தாண்டிவிட்டன சில.

மேம்பாலத்தை ஒட்டி மூன்றாம் மாடி.
பெயின்ட் வாளியில் யாரோ வைத்த ஒற்றைத் தக்காளிச்செடி,
கம்பிக்கு வெளியே தலைநீட்டி.
இந்த வருஷம் ஏன் புழுவே இல்லையென்று
அந்த வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை.

கௌடருக்குப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்
என்று எழுதிக்கொண்டேன்.
பஸ் ஓரடி நகர்ந்தது.