எ-யின் கண்ணில் புரை

பிராய்லா நகரத்தின் தட்டச்சு எந்திரங்கள்
ஆயிரத்து நானூற்றுப் பதினாறு.
அத்தனையும் எனக்கு அடையாளம் தெரியும்,
எழுத்தைப் பார்த்து.

ஒவ்வொரு ஜனவரியும் தூக்கிக்கொண்டு வருவார்கள்,
போர்வையில் சுற்றி, குழந்தையின் தள்ளுவண்டியில் வைத்து;
ஒருமுறை ஒரு பாதிரியார், சவப்பெட்டி சுமக்கும் பலகையில்.
பனியில் வரிசை நின்று
அரசாங்கம் தந்த ஒரே பத்தியை அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள்.
கோதுமை விளைச்சல் பற்றிய பத்தி.
அந்தத் தாள் என் அலமாரிக்கு வரும்.
எழுத்துக்கும் ரேகை உண்டு.
ஒன்றுக்குக் கால் தேயும், ஒன்று கூன் போடும்,
சில எந்திரங்கள் பிறக்கும்போதே தலை நசுங்கிய எழுத்தோடு.
தலையெழுத்து என்று வேறெதைச் சொல்வது?

என் வேலை வாசிப்பதல்ல.
முதல் நாளே மேஜர் ஸ்டிர்பு சொன்னார்:
சொல்லைப் பார்க்காதே, எழுத்தைப் பார்.
பதினோரு வருடம் அப்படியே பார்த்தேன்.
வசவு, கெஞ்சல், ரொட்டி கேட்டு எழுதிய மொட்டைக் கடிதம்,
எல்லாம் எனக்குச் சாய்வும் தேய்வும்தான்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில்
ஒன்றும் உள்ளே போகவில்லை.

நவம்பரில் அந்தத் தாள் வந்தது.
ஒரு பல் மருத்துவரின் தபால்பெட்டியில் கிடந்தது;
பயந்துபோய் எங்களிடம் கொடுத்துவிட்டார்.
பக்க எண் ஒன்று.
ர நொண்டியது. எ-யின் கண்ணில் புரை.
கால்மணி நேரம்கூட ஆகவில்லை:
எரிகா எந்திரம், அட்டை எண் 873,
ஸம்ஃபிரா டுமா, ரொட்டி ஆலைக் கணக்கர்,
துறைமுகத் தெரு, மூன்றாம் மாடி.
பேனாவைத் திறந்தேன்.
மின்சாரம் போனது.
மெழுகுவர்த்தியில் எழுத்து மங்கி
சொல் தெரிந்தது.

ஒரு நாடு. அங்கே இருமலுக்கு உரிமம் வேண்டும்.
ஆண்டுக்கொரு முறை எல்லோரும் போய்
இருமிக் காட்டிப் பதிய வேண்டும்.
உரிமம் இல்லாத ஒருத்தி
தொண்டையில் ஏறியதை விழுங்கிக்கொண்டே
டிராமில் கால் வைக்கிறாள்.
பக்கம் முடிந்துவிட்டது.

"இன்னும் பொருந்தவில்லை" என்றேன் மேஜரிடம்.
அது என் முதல் பொய்.

இரண்டாம் பக்கம் மீன்கடைக்காரர் ஒருவருக்கு.
மூன்றாவது, பள்ளிக்கூடக் காவலாளிக்கு.
ஊரே பயந்தது, ஊரே கொண்டுவந்து கொடுத்தது.
கதையை முதலிலிருந்து வரிசையாக வாசித்தவன்
பிராய்லாவில் நான் ஒருவன்தான்.

ஆறாம் பக்கத்தில் ஒருவன் வந்தான்,
இருமலைக் கேட்டு ஆளைச் சொல்பவன்.
அவனுக்கு அவள் பெயர் வைக்கவில்லை.
காலையில் எழுந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு
தன் தொண்டையைத் தானே செருமிக் கேட்பானாம்.
பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் டான்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் டிராம் பாலத்தின்மேல் நின்றது.
பத்தாம் பக்கம் வரவில்லை.

ஜனவரியில் எந்திரங்கள் வந்தன. 873 வரவில்லை.
கேட்பது வேறு பிரிவின் வேலை.
பிப்ரவரியில் அவள் அட்டையில் சிவப்புக் கோடு.
நான் போட்டதல்ல.
அப்படியென்றால் இந்தக் கட்டடத்தில்
எழுத்துப் பார்க்கிறவன் இன்னொருவன் இருக்கிறான்;
அல்லது
என்னைப் பார்க்கிறவன்.

இன்றிரவு எல்லோரும் போன பிறகு
அலுவலக எந்திரத்தின் உறையை எடுத்தேன்.
அதன் மாதிரித் தாளும் அலமாரியில் இருக்கிறது, அட்டை எண் 1.
அதன் ட-வுக்கு இடக்கை இல்லை.
தெரிந்துதான் அடித்தேன், பக்க எண் பத்து என்று.

டிராம் நகர்ந்தது.
அவளை வாய்விட்டு இரும வைத்தேன்.
அவள் எழுத்தின் ஓட்டம் எனக்கு வரவில்லை;
கோதுமைப் பத்தியின் நாற்றம் அங்கங்கே அடிக்கிறது.

நாளை இது யாருடைய பெட்டியிலாவது விழும்.
அவர் பயப்படுவார், கொண்டுவந்து கொடுப்பார்.
எவனோ ஒருவன் வெளிச்சத்தருகே குனிவான்.
கால்மணி நேரம் போதும் அவனுக்கு.

பக்கத்தைப் பாதி வாக்கியத்தில்
நிறுத்தியிருக்கிறேன்.